முளைப்புப் பார்க்க எழுதிய கதை

1

இந்தக் கதை தொலைந்து போவதற்காக எழுதப்படுகிறது. பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் புதிதாக ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டியிருக்கிறோம். எழுதியதை அது காப்பாற்றுமா, விழுங்கி ஏப்பம் விடுமா என்று தெரிய வேண்டும். அதற்கு ஏதாவது எழுதிப் பார்க்க வேண்டும். போனால் போகட்டும் என்று விடக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கதை.

அப்படி விட முடியாதது ஒன்று பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஏழு வருடமாக நான் எழுதி, போன மாதம் முடித்த நாவல். அந்த டிஸ்க் இப்போது மஞ்சள் துணியில் சுற்றப்பட்டு, பீரோவில் என் கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடக்கிறது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'மழை பொய்த்த ஒரு வருடத்தில், பரளச்சியில்...' (மழை பொய்க்காமல் எங்கள் பக்கத்துக் கதை எதுவும் தொடங்காதா? அடித்துவிட்டேன்.)

'ஈஸ்வரி என்றொரு பெண் இருந்தாள்...' (ஈஸ்வரி நான்தான். இருந்தாள் என்று எழுதக் கை வரவில்லை.)

'டிக், டிக், டிக்.' (இதுதான் சரி.)

2

டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தபோது நான் நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பல்லி சொல்லுது ஈசு. தெக்க இருந்து சொல்லுது. நெனச்சது நடக்கும்."

நானும் நம்பினேன். பல்லி சொன்னதும் தரையில் விரலால் தட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அது சொல்லச் சொல்ல நான் மேசையைத் தட்டிக்கொண்டே எழுதினேன். நாவலும் முடிந்தது. அதன் பிறகுதான் ஒரு நாள் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பல்லி இல்லை. ஹார்டு டிஸ்க்தான் செத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குத்தான் நாங்கள் இருவரும் பலன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாவல் இருந்த ஃபோல்டர் ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது. பென்டிரைவைச் செருகினால் மெஷின் உறையும். மெயில் திறக்கப் போனால் அதற்கு முன்பே உறையும்.

முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஊரே கேட்டுவிட்டது. பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். முடியாத நாவலுக்கு நகல் எடுத்தால் அது முடியாமலே போய்விடும் என்று எனக்குள் ஒரு பயம். படித்தவள்தான். பயத்துக்குப் படிப்பு தெரியாது.*

* நாவல் எதைப் பற்றியது என்று கேட்காதீர்கள். அதே பயம்தான்.

3

இனி நான் சந்தோஷமாக எழுதப்போகும் பகுதி. எஸ்.எஸ்.டி. தேடிய நாட்களில் எனக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. ஃபோனில் படித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே சுற்றுகிற தட்டு கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது, பல்லி சொல்லவே சொல்லாது. ஒவ்வொன்றிலும் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கையும் வாரண்டி வருடத்தையும் வெளிப்படையாகப் போடுகிறவனை ஓரளவு நம்பலாம். 'படுவேகம்' என்று மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறைக்கிறவனை நம்பக் கூடாது. மாப்பிள்ளை பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் ராம்குமார் முதலில் குச்சி மாதிரி ஒன்றைக் காட்டினார். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அதைச் செருக வாயில்லை. பிறகு டப்பா மாதிரி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெயருள்ள கம்பெனி, ஐந்து வருட வாரண்டி. நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். இன்னொன்று கேள்விப்படாத பெயர், அதைவிட நாலு மடங்கு இடம், டப்பா முழுக்க எழுத்து.

ஜெயபாண்டி இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஈசு, ஒன்னோடது காத்தா இருக்கு. பொக்குக் கடலை மாதிரி. இதைப் பாரு, எம்புட்டு கனம்."

"இதுக்கு எடை பாக்கக் கூடாது மச்சான். உள்ள சின்னதா ஒரு அட்டைதான் இருக்கும்."

"அப்ப அந்தக் கனம் எங்கிட்டு இருந்து வருது?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

ராம்குமாரிடம் கேட்டோம். "ரெண்டுமே நல்லா ஓடும்க்கா" என்றார். கடையில் இருக்கிற வரைக்கும் எல்லாமே நல்லா ஓடும்.

நான் காற்றையே எடுத்துக்கொண்டேன். ஜெயபாண்டி பஸ்ஸில் மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவரிடம் தன் மனக்குறையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஜெயபாண்டி என்கிற பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கொஞ்சம் கோமாளியாகிவிட்டார். கதைக்கு ஓர் எதிர்ப்பு வேண்டும் என்று அவரைக் கொடுமைக்காரராக மாற்றிப் பார்த்தேன்:

'ஜெயபாண்டி மீசையை முறுக்கினார். "நாவலும் வேணாம் ஒண்ணும் வேணாம், போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று'

அவர் என் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? மாட்டை வித்தே ரெண்டு வருசமாச்சு."

"கதைக்காக மச்சான்."

"கதைக்குன்னா எம்பேரை எடுத்துரு. இல்ல, நான் சொன்னதைப் போடு."

அவர் சொன்னதைப் போடுகிறேன். புது எஸ்.எஸ்.டி.யை மாட்டிய அன்றே பழைய டிஸ்கையும் இணைத்து நாவலை மாற்றிவிடத் துடித்தேன். அது இன்னும் ஒரு தடவைதான் சுற்றும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு தடவை சுற்ற அதில் உயிர் இல்லை. ஜெயபாண்டி என் கையைப் பிடித்தார்.

"புது வெதையை மொளைப்புப் பாக்காம எவனாச்சும் மூட்டையோட வெதைப்பானா? ஒரு கைப்பிடியை ஈரச் சாக்குல கட்டி வையி. மொளைச்சா மிச்சத்தைப் போடு."

கைப்பிடி விதைதான் இந்தக் கதை.

5

ஈரச் சாக்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கரண்ட். எங்கள் ஊரில் அது நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். எழுத எழுதத் தானே சேமிக்கும்படி வைத்திருந்தேன்; கரண்ட் போகும்போது அது நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. ஆனால் நாங்கள் பரீட்சை வைத்த வாரம் பார்த்து, கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஜெயபாண்டி பொறுமையிழந்துவிட்டார். காட்டு வேலையிலிருந்து வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால் நேராக வந்து, நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே

(இங்கே ஸ்விட்சை அணைத்தார்.)

மறுபடி போட்டபோது அந்த வாக்கியம் 'எழுதிக்கொண்டிருக்கும்போதே' வரை அப்படியே இருந்தது. இரண்டு பேரும் குனிந்து அதை மறுபடி வாசித்தோம். அதற்குப் பிறகு அவருக்கு இது விளையாட்டாகிவிட்டது. நல்ல ஒரு வர்ணனையைப் பிடித்து, கரிசல் மண்ணில் முதல் மழை விழும்போது கிளம்புகிற வாசனை மெல்ல மெல்ல

(பாருங்கள்.)

புது டிஸ்க் நிறையப் படங்களை ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் திறந்தன. எடை இல்லாத டப்பா எதையும் தொலைக்கவில்லை. 'காத்துக்குள்ள இம்புட்டு பிடிக்குமா' என்று ஜெயபாண்டி முணுமுணுத்தார். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் பழைய டிஸ்கை நான் வெளியே எடுக்கவில்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், இன்னும் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம் என்று இந்தக் கதையை வளர்த்துக்கொண்டே போனேன். பீரோவுக்குள் இருக்கிற வரை என் நாவல் போகவில்லை. அதை வெளியே எடுத்தால் போனாலும் போகும்.

6

நேற்று மாலை மழை. புரட்டாசி மழை, நின்று பெய்தது. ஜெயபாண்டி விதைக்க ஆள் சொல்லிவிட்டு வந்தார். நான் இங்கே உட்கார்ந்து ஐந்தாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஸ்விட்சைத் தொடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஈசு, நீ மொளைப்புப் பாக்கல. பயந்துக்கிட்டு இருக்க."

நான் ஒரு காற்புள்ளியை அழித்துவிட்டு, மறுபடி அதையே போட்டேன்.

"மழை பேஞ்சிருச்சு. இனியும் மொளைப்புப் பாத்துக்கிட்டே இருந்தா ஈரம் காஞ்சுபோகும். வெதைக்க வேண்டியதுதான்."

எனக்கு அழுகை வந்தது. ஏழு வருடமாக இவருக்கு நான் எழுதுவது எதுவும் புரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மொளைப்புப் பாத்த கைப்பிடியை என்ன செய்வோம்?" என்று கேட்டேன்.

"கோழிக்குப் போடுவோம்."

திரையை எட்டிப் பார்த்தார். தன் பெயர் வருகிற இடங்களை மட்டும் தேடித் தேடி வாசித்தார்.

"இதைக் கோழிக்குப் போட வேணாம்" என்றார்.

இன்று காலை மஞ்சள் துணியை அவிழ்த்தேன். பழைய டிஸ்கை இணைத்தோம். ஒரு தடவை 'டிக்' என்றது. பழக்க தோஷத்தில் இரண்டு பேரும் மேசையைத் தட்டினோம். ஃபோல்டர் திறந்தது. நகல் எடுக்கச் சொன்னேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஜெயபாண்டி ஸ்விட்சுக்கு முன்னால் காவலுக்கு நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கோடு கடைசி வரை போகிறது. மற்றொன்றில் பாதியில் நிற்கிறது. எது நடந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. தலைப்பிள்ளை உண்டானால் மூன்று மாதம் வெளியே சொல்ல மாட்டோம். தங்காமல் போனாலும் சொல்ல மாட்டோம். அதனால் என் மௌனத்தை வைத்து நீங்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கைப்பிடி முளைத்துவிட்டது. அது உங்கள் கையில் இருக்கிறது. மூட்டை என்ன ஆயிற்று என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் சொல்கிறேன். நாளை அருப்புக்கோட்டைக்குப் போய் இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறோம். மீண்டு வந்த நாவலுக்கு நகல் வைக்க என்றும் வைத்துக்கொள்ளலாம். மறுபடி முதல் வரியிலிருந்து எழுதப்போகும் நாவலுக்கு முன்கூட்டியே கட்டுகிற தொட்டில் என்றும் வைத்துக்கொள்ளலாம். கடையில் எடை பார்க்க மாட்டேன் என்று ஜெயபாண்டி சத்தியம் செய்திருக்கிறார்.