இரண்டாவது சிவப்புப் புள்ளி

கிட்டாரைத் துடைக்கத்தான் எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அதைத் துடைத்துப் பைக்குள் வைப்பது என் வேலை, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. ஆறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. கழுத்துப் பக்கம் துணியை ஓட்டும்போது, ஓரத்தில், ஆறாவது கட்டத்துக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. நகப்பூச்சு. அதுவும் என் நகப்பூச்சு, அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் அதே சிவப்பு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிட்டார் கழுத்தில் கேப்போ என்று ஒரு கவ்வி மாட்டுவார்கள், துணி காயப்போடும் கிளிப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதைக் கழுத்தில் எத்தனாவது கட்டத்தில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்குச் சுருதி ஏறும். என் குரலுக்கு இரண்டாவது கட்டம். மேடையில் வெளிச்சம் கம்மி, அவருக்கு வெள்ளெழுத்து வேறு. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி பொருத்தி அனுப்புகிறேன், இந்த மனுஷன் மட்டும் மேடையில் கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி தெரிவேன் என்று அடம்பிடிப்பார். அதனால்தான் நானே ஒரு சொட்டு நகப்பூச்சை இரண்டாவது கட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். அங்கே அது ஒன்றுதான் இருந்தது.

ஆறாவது கட்டம் யாருக்கென்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சனிக்கிழமை எங்களோடு பாட வருகிற பல் ஆஸ்பத்திரிக்காரிக்கு.

அவரிடம் கிட்டாரைத் தூக்கிக் காட்டினேன். லிப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டு வந்து, கிரீஸ் போக சோப்பு போட்டு விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இதென்ன புதுசா?"

"அதுவா? அந்தப் பொண்ணுக்கு ஆறாவது கட்டம்ல. இருட்டுல தடவிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு."

"என் பாட்டில்லயிருந்தா?"

"ஒரே ஒரு சொட்டும்மா. வேணும்னா புதுசு வாங்கித் தரேன்."

சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே துண்டை எடுத்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நாங்கள் போகிற இடம் ஒரு காப்பிக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஓப்பன் மைக். யார் வேண்டுமானாலும் கரும்பலகையில் பேர் கொடுத்துவிட்டு இரண்டு பாட்டு பாடலாம். ஆரம்பித்த புதிதில் நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நின்று கேட்டவர்கள் உண்டு. இப்போது கேட்க என்று வருகிறவர்கள் யாருமில்லை. பாட வந்தவன்தான் கேட்கவும் வந்தவன். அடுத்தவர் பாடும்போது ஒரு கண் பலகையில் இருக்கும், தன் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்று. தன் பாட்டு முடிந்ததும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதலில் பாடுகிறவனுக்குப் பதினைந்து பேர் கைதட்டினால் கடைசியில் பாடுகிறவனுக்கு மூன்று பேர். நடுவில் யாராவது உருகிப் பாடும்போதுதான் காப்பி அரைக்கிற மெஷினுக்கு ஆவேசம் வரும். ஆனாலும் நாங்கள் போவோம். கடைக்காரர் பலகையில் எங்கள் பேரை எழுத மாட்டார், 'ஜோடி' என்றுதான் எழுதுவார். சாக்பீஸால் எழுதிய அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வாரம் முழுக்க அடுத்தவன் மூக்கில் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டு நின்றிருக்கிறேன். வீட்டில் நாங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்வது அரிது. அவர் லிப்டைப் பற்றிப் பேசுவார், நான் தண்ணீர் மோட்டாரைப் பற்றி. மேடையில் மட்டும், கடைசி வரிக்கு முன்னால், புருவத்தைத் தூக்கி என்னைப் பார்ப்பார். 'போலாமா?' என்று அர்த்தம். நான் தலையாட்டினால்தான் முடிப்பார்.

அவளை உள்ளே கொண்டுவந்தது நான்தான், அதை யாரிடம் போய்ச் சொல்ல? மூன்று மாதம் முன்னால், பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண், வாசிக்க ஆளில்லாமல் ஓரமாக உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. "எங்க வீட்டுக்காரர் வாசிப்பாரு, நீ பாடும்மா" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அவள் வாயைத் திறந்தாள், காப்பி மெஷின்கூட அடங்கிப்போனது. அதற்கப்புறம் வாராவாரம் அவளுக்கும் அவர்தான். 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். என்னை 'அக்கா' என்பாள். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், குறை சொல்ல ஊசிமுனை இடம் விடாமல் பழகுகிறாளே என்று. என் தங்கச்சியிடம் போனில் புலம்பினேன்.

"அண்ணான்னுதானே கூப்பிடுறா, அப்புறம் என்ன உனக்கு?" என்றாள்.

"அவளுக்கு வாசிக்கும்போது புதுசு புதுசா வாசிக்கிறார்டி."

"அட லூசு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் எனக்கு வாசிக்கும்போது ஆறு வருஷமாக அதே நாலு தட்டு, அதே இறக்கம். அவளுக்கு வாசிக்கும்போது விரல் எங்கெங்கேயோ போய்விட்டு வருகிறது. போன வாரம் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவளும் தலையாட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு அக்கறை, வருத்தம், அசதி என்று வேறு வேறு பேர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பொறாமைதான்.

அன்று போனபோது பலகையில் ஏழாவதாக 'ஜோடி', எட்டாவதாக 'பல்லு' என்று எழுதியிருந்தது. அவள் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, உங்க பஸ் பாட்டு பாடுங்கக்கா இன்னிக்கு" என்றாள். பஸ் பாட்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது. வராத பஸ்ஸுக்காக ஒருத்தியும் ஒருத்தனும் நிற்கிற பாட்டு. அதைத்தான் பாடுவதாக இருந்தேன். அவள் கேட்டதும், அவள் சொல்லிப் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் முறை வந்தபோது முன்னால் பாடிய இரண்டு கிட்டார்காரர்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பத்துப் பதினோரு பேர் மிச்சம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கேப்போவை மாட்டி, வாசிக்க ஆரம்பித்தார். முதல் தட்டிலேயே எனக்குக் காது கூசியது. சுருதி எங்கேயோ மேலே நிற்கிறது. குனிந்து பார்த்தேன். கவ்வி ஆறாவது கட்டத்தில் உட்கார்ந்திருந்தது, அவளுடைய புள்ளிக்கு நேராக.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். "தப்பா மாட்டிட்டீங்க" என்றால் ஒரு நிமிஷ வேலை, எல்லாரும் சிரித்திருப்பார்கள். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு எனக்கு, கை அவள் இடத்தில், இரண்டும் வேறு என்று அவர் காதுக்கே தெரியவில்லை. ஆறு வருஷம் என் குரல் போன இடமெல்லாம் வந்த காது. எப்போது தெரிகிறது பார்க்கிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. அந்தச் சுருதியில் மேலே போனால் என் குரல் கிழிந்துவிடும். அதனால் அப்படியே கீழே இறக்கிப் பாடினேன். பாடினேன் என்பதைவிடப் பேசினேன்.

"வராத பஸ்ஸுக்காக நிற்கிறோம், வந்துவிட்டால் என்ன செய்வோம்?"

என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரி குரல் மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கப்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கிட்டாரைப் பார்த்தாள், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு இன்னும் தெரியவில்லை. கடைசி வரி வந்தது, புருவத்தைத் தூக்கினார். நான் தலையாட்டவில்லை. அவராகவே முடித்துக்கொண்டார்.

வழக்கத்தைவிட அதிகமாகக் கைதட்டினார்கள். கடைக்காரர் மைக்கை வாங்கி, "இன்னிக்கு வித்தியாசமா பண்ணிட்டீங்களேம்மா" என்று வேறு சொன்னார். என் வீட்டுக்காரர் கேப்போவைக் கழற்றும்போதுதான் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"ஐயையோ. சொல்லியிருக்கலாம்ல?"

"வாசிக்கிறவருக்குத் தெரியாதா?"

அவர் கேப்போவை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்தார். இரண்டாவது பாட்டு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சைகை காட்டிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது அந்தக் கவ்வியை எடுத்துக்கொண்டேன். திட்டமெல்லாம் போடவில்லை. வீட்டுச் சாவியை எடுக்கிற மாதிரி கை தானாக எடுத்தது. பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தால் உள்ளங்கையில் இருந்தது, ரப்பரில் அவர் விரல் சூடு.

"அடுத்து நம்ம பல்லு!" என்றார் கடைக்காரர். அவள் தயங்கித் தயங்கி ஏறினாள். அவர் ஸ்டூலைத் தடவினார், சட்டைப் பையைத் தட்டினார், கிட்டார் பையைக் கவிழ்த்து உதறினார். கேப்போ இல்லாமல் அவள் சுருதிக்கு அவரால் வாசிக்க முடியாது. இரண்டு பேரும் மண்டியிட்டு மைக் ஒயருக்கு நடுவே தேடினார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டது. கடையே சிரித்தது. "சாரிண்ணா" என்றாள். நான் மடிக்குள் கவ்வியைத் திறந்து என் சுண்டுவிரலில் மாட்டினேன். நன்றாகவே கடித்தது. கழற்றவில்லை.

"ஒரு சின்ன கிளிப்பு காணோம்பா," என்றார் கடைக்காரர் மைக்கில். "எல்லாரும் அவங்கவங்க நாற்காலிக்கு அடியில கொஞ்சம் பாருங்க."

எல்லாரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். நாற்காலிக்கு அடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் யாரோ தவறவிட்ட பேனா மூடியும் கிடந்தன. அவற்றை மும்முரமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். மற்றவர்கள் இன்னும் தலை கவிழ்ந்தே இருந்தார்கள், அவளும்தான். அவர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு மடியில் மூடியிருந்த என் கையைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தார். இடது கட்டைவிரலைக் கழுத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியின் மேல் வைத்தார். எந்தப் புள்ளி என்று பின்வரிசையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.