ட்றைவருக்கு முதல் தேத்தண்ணி

விற்றவன் அதை 'ஃபிஃப்த் வீல்' என்றான். நீக்கிலாஸ் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து சில்லுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்கையடா அஞ்சாஞ்சில்லு?" என்று தமிழிலேயே கேட்டார். ட்றக்கின் பின்பெட்டிக்குள் மூக்கைக் கொண்டுவந்து வைத்து, அங்கே ஒரு பெரிய கொளுக்கியில் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது, அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்லியும் மனுஷன் விடவில்லை. அன்றிலிருந்து அதற்குப் பெயர் அஞ்சாஞ்சில்லு. படுக்கையறை அதன் மூக்கில், சமைக்கிற குசினி வாலில்.

ஒவ்வொரு கோடையும் ஸ்காபரோவில் ஒரே மாதா கோவிலுக்குப் போகிற எட்டுக் குடும்பத்தாரும் கிங்ஸ்டன் பக்கத்து ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கப் போவார்கள். அஞ்சாஞ்சில்லை நீக்கிலாஸ் இழுத்து வருவார். விடியப்பறம் மற்றவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, பெரிய கேத்திலில் தேத்தண்ணி போட்டு, பேணியில் வருகிற கட்டியான ரின்பாலைத் தாராளமாக விட்டு, தூக்கிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போவார். "தேத்தண்ணீ! தேத்தண்ணீ!" என்று அவர் வைக்கிற கூக்குரலுக்கு ஏரியில் கிடந்த வாத்துகள் எழும்பிப் பறக்கும். ஆனால் முதல் கோப்பை மட்டும் எவருக்கும் கிடையாது. "இழுத்துக்கொண்டு வந்த ட்றைவருக்கு முதல்" என்று சொல்லி அதைத் தானே குடிப்பார். அது அவர் போட்ட சட்டம்.

அவருடைய மனைவி வேரோனிக்கா டொரோண்டோவில் இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓடியவள். பனி கொட்டுகிற ஃபின்ச் வீதியில், கதவடியில் நின்று சண்டை பிடிக்கிற சனத்தையும் சமாளித்துக்கொண்டு ஓடியவள். இருந்தும் நீக்கிலாஸ் அவளை ஒருநாளாவது ட்றைவர் என்று சொன்னதில்லை. "அவ பஸ் ஓடுறவ" என்பார். அதென்ன வித்தியாசம் என்று ஆராவது கேட்டால், "பஸ் தன்ரை பாட்டுக்குப் போகும்" என்பார். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன.

போன மாரியில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியால் வந்தவர் சோபாவில் இருந்தார். இருந்தார் என்றால் இருந்தார்தான். இளவேனில் வந்தது, எழும்பவில்லை. கூடாரப் பயணத்துக்கு நாள் குறித்ததும் வேரோனிக்கா மெல்லக் கதையைத் தொடங்கினாள்.

"நான் வரேல்லை," என்றார். "வீல்செயரிலை தள்ளிக்கொண்டு போய் ஒரு மரத்துக்குக் கீழை வைச்சுப்போட்டு, போறவை வாறவை எல்லாம் 'அண்ணை, எப்பிடிச் சுகம்' எண்டு கேக்கிறதுக்கோ? நீங்கள் போட்டு வாங்கோ."

அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அந்த ஏரிக்கரை முழுக்க மணலும் சரளைக் கல்லும். வீல்செயர் ஒரு முழம் போகாது. ஆனால் இந்தக் கோடை அவர் வெளிக்கிடாவிட்டால் பிறகு ஒருக்காலும் அந்தச் சோபாவை விட்டு எழும்பமாட்டார் என்பது வேரோனிக்காவுக்கு நல்லாய்த் தெரியும்.

மார்க்கம் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானக்காரர்கள் பழைய காட்டுகளை, புல்லில் ஏறி ஓடித்திரிகிற அந்தச் சின்ன வண்டிகளை, கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அடுத்த கிழமை ஒரு பச்சை நிறக் கோல்ஃப் காட் ஒஷாவாவில் நீக்கிலாசின் தம்பி கிளிபோட்டின் கராஜ் முற்றத்தில் நின்றது. நீக்கிலாசைக் கூட்டிக்கொண்டுபோய் அதில் ஏற்றிவிட்டாள். இடது காலால் மிதித்துப் பார்த்தார். முற்றத்தைச் சுற்றினார், பிறகும் சுற்றினார், சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டும் இறங்காமல் சுற்றினார். அது போதும் அவளுக்கு.

இனி அதைக் கொண்டு போகவேணும். ட்றக்கின் பெட்டிக்குள் அஞ்சாஞ்சில்லின் மூக்கு இருக்கும், அங்கே இடமில்லை. அஞ்சாஞ்சில்லின் வாலில் ஒரு சின்ன ட்றெயிலரைக் கொளுவி, காட்டை அதில் ஏற்றி இழுப்பதுதான் வழி. கிளிபோட் கொளுக்கியை வெல்டிங் பண்ணி ஒட்டிக் கொடுத்தான். ஆனால் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"அண்ணி, வீட்டை இழுத்து, அந்த வீட்டுக்குப் பின்னாலை இன்னொண்டையும் இழுக்கிறது விளையாட்டில்லை. றிவேர்ஸ் எடுக்கவே ஏலாது. நான் ஓடுறன், விடுங்கோ."

"றிவேர்ஸ் எடுக்கவேண்டிய இடத்துக்கு நான் ஏன் போறன்? நீ உன்ரை வானுக்குள்ளை பெண்டில் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. இதை நான் பாக்கிறன்."

சும்மா சொன்ன சொல் இல்லை அது. நீளம், பாரம், சட்டம் எல்லாம் கேட்கவேண்டிய இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஞாயிறு பூசை முடிய, வெறிச்சோடிக் கிடந்த ஒரு கார்த் தரிப்பிடத்தில் முழுத் தொடரையும் இழுத்து வளைத்துப் பழகினாள். வளைவை எங்கே எடுத்தால் கடைசிச் சில்லு எங்கே வரும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. நீளமான பஸ் ஓடியவளுக்கு இதென்ன பெரிய வித்தை!

புறப்படுகிற சனிக்கிழமை காலை எல்லாரும் கோவிலின் பின்பக்கத் தரிப்பிடத்தில் கூடினார்கள். இங்கேதான் பிழை நடந்தது. எங்கட சனத்துக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒருத்தர் எங்கேயோ போகிறார், அவரிடம் கொஞ்சம் இடமிருக்கிறது என்று தெரிந்தால் கை சும்மா இராது, ஒரு பொதியைக் கட்டிக் கொடுத்துவிடும். கொழும்புக்குப் போகிறவரிடம் பாசல், லண்டனுக்குப் போகிறவரிடம் பாசல். அன்றைக்கு ஒரு முழு வீடே சில்லு வைத்துக்கொண்டு போகிறது. விடுவார்களா?

"வேரோனிக்கா அக்கா, ஒரு சின்னப் பாசல்."

"ஓம், ஓம், உள்ளை வையுங்கோ."

அவள் பின்னால் குனிந்து சங்கிலியையும் லைற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிபோட்டின் மனைவி ஸ்டெபனி வந்தாள், சின்னப் பாசல். நீக்கிலாசின் பழைய கூட்டாளி றொனால்ட் வந்தார், சின்னப் பாசல். வந்தவர்களுக்கெல்லாம் "ஓம், ஓம்" என்றாள். பஸ்ஸில் காசு போடாமல் ஏறுகிறவனை இறக்கத் தெரிந்தவளுக்குப் பாசலோடு வருகிற சொந்தத்துக்கு இல்லையென்று சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே ஏறி ஸ்டார்ட் பண்ணினாள்.

பிக்கரிங் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, வாகன நெரிசலில் ஊர்ந்துதான் போனார்கள். நீக்கிலாஸ் பக்கத்தில் இருந்து "பாத்து, பாத்து" என்று வேதம் ஓதினார். முன்னால் ஒரு பிரேக் லைற் எரிந்தால் போதும், அவருடைய வலது முழங்கால் வெட்டி இழுத்தது. இல்லாத காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். வேரோனிக்கா கண்டும் காணாத மாதிரி ஓடினாள்.

ஒஷாவா கழிந்து றோட்டு விட்டுக்கொடுத்ததும் வேகம் எடுத்தாள். ஒரு பெரிய லொறி பக்கத்தால் விர்ரென்று கடந்தது. அவளுடைய இருக்கை முதலில் இடப்பக்கம் இழுபட்டது, பிறகு வலப்பக்கம். கண்ணாடியில் பார்த்தாள். வீட்டின் வால் ஆடியது, வாலுக்குப் பின்னால் பச்சைக் காட் அதைவிடப் பெரிதாக ஆடியது.

"ஐயோ மாதாவே! பிரேக்கை அடி! அடியப்பா!"

"கத்தாதேங்கோ."

பிரேக்கை அடித்திருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவள் காலை அக்ஸிலரேற்றரில் இருந்து எடுத்தாள், ஸ்டியறிங்கை நேராகப் பிடித்தாள், கைக்குப் பக்கத்தில் அஞ்சாஞ்சில்லுக்கென்று தனியாக இருந்த பிரேக்கை மட்டும் மெல்ல நெரித்தாள். ஆட்டம் குறைந்தது, பிறகு நின்றது. கரைப்பக்கமாக மெல்ல ஊர்ந்து, அடுத்து வந்த ஓய்விடத்தில் லொறிகள் நிற்கிற பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பின்னால் வந்த வான்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றன. கிளிபோட் ஓடிவந்தான்.

"நான் சொன்னனான் தானே, அண்ணி! காட்டைக் கழட்டி இஞ்சை விடுவம். திங்கக்கிழமை நான் வந்து எடுக்கிறன்."

ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். நீக்கிலாஸ் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு முன்னுக்குப் பார்த்தபடி சொன்னார். "கழட்டுங்கோ. என்னையும் ஆராவது வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. எல்லாரையும் பயப்பிடுத்தி நான் ஒரு இடத்துக்கும் போகத் தேவையில்லை."

அவர் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் வேரோனிக்கா பேசாமல் விட்டிருப்பாள். குரலை உயர்த்தாமல் ஆறுதலாகச் சொன்னதுதான் அவளுக்கு விசரை ஏற்றியது. இறங்கி, தள்ளி நின்று வண்டியைத் தலையில் இருந்து வால் வரைக்கும் பார்த்தாள். ட்றக்கின் பின்பக்கம் மிதந்து நின்றது. அஞ்சாஞ்சில்லின் மூக்கு வானத்தைப் பார்த்தது, வால் தாழ்ந்து கிடந்தது. மூக்கு ட்றக்கை அமத்திப் பிடிக்காவிட்டால் வால் ஆடாமல் என்ன செய்யும்? அவள் போய்க் குசினிக் கதவைத் திறந்தாள்.

ஆண்டவரே! கால் வைக்க இடமில்லை. அரிசி மூட்டை, தண்ணிப் போத்தல் கேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கரி மூட்டைகள், ஐசும் ஆட்டிறைச்சியும் நிறைந்த பெட்டி, றொனால்டின் பாட்டுப் பெட்டி, அதற்கு மேலே ஒரு சாக்குத் தேங்காய். அவ்வளவும் சின்னப் பாசல். அவ்வளவும் வாலில்.

"கிளிபோட், இஞ்சை வா. காட் வரும். பாசல்தான் வராது. இறக்கு."

முதல் பெட்டி தரையில் இறங்கியதும் ஸ்டெபனிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன அக்கா, எங்கட இறைச்சிதானோ உங்களுக்குப் பாரம்?"

"ஓம் ஸ்டெபனி, பாரம்தான். ஓமெண்டு சொன்னது என்ரை பிழை, அதுக்கு நீ என்னைப் பேசு. உன்ரை இறைச்சிக்கு உன்ரை வானுக்குள்ளை இடமிருக்கு. உந்த மனுஷன் அங்கை சுத்தித் திரியிறதுக்கு இந்தக் காட்டை விட்டா வேறை என்ன இருக்கு? சொல்லு பாப்பம்!"

றொனால்ட்தான் முதலில் குனிந்து தன் பாட்டுப் பெட்டியைத் தூக்கினார். பிறகு ஸ்டெபனி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பிள்ளைகளின் மடியில் தண்ணிக் கேஸ்கள் ஏறின. கால்மாட்டில் தேங்காய் உருண்டது.

கடைசியில் குசினியில் இருந்து சாப்பிடுகிற வாங்குக்குக் கீழே, பழைய படுக்கை விரிப்பால் மூடியபடி ஏதோ கிடந்தது. இழுத்தாள், அசையவில்லை. விரிப்பை நீக்கினால், பெரிய கேத்தில். அதற்குப் பக்கத்தில் நிறைய ரின்பால் பேணிகள், தேயிலைப் பெட்டி, கடுதாசிக் கோப்பைகள், சீனி மூட்டை.

"இது ஆர் வைச்சது?"

கிளிபோட் தன் சப்பாத்தைப் பார்த்தான். "அண்ணை தான். போன கிழமை கராஜுக்கு வந்தவர் எல்லே... உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவர்."

'நீ கரைச்சல் குடுக்கிறபடியால்தான் வாறன்' என்று நேற்றுக்கூடச் சொன்ன மனுஷன்! வேரோனிக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கேத்திலைத் தூக்கிக்கொண்டு ட்றக்கின் கண்ணாடியடிக்குப் போனாள்.

"இஞ்சாருங்கோ, உதென்ன?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. "கேத்தில். கிடக்கட்டுமெண்டு வைச்சனான்."

"வீட்டை போற ஆளுக்குக் கேத்தில் என்னத்துக்கு?"

அவள் கேத்திலையும் ரின்பாலையும் சீனியையும் மூக்கில் இருந்த படுக்கையறைக்குக் கொண்டுபோய், கட்டிலில் அவருடைய தலையணைப் பக்கம் வைத்துக் கட்டினாள். வான்களில் இடம் கிடைக்காத அரிசி மூட்டையும் கரியும் அங்கேயே ஏறின. இறங்கிப் பார்த்தாள். மூக்கு தாழ்ந்து, ட்றக் அமைதியாக அமர்ந்திருந்தது.

"ஏறுங்கோ எல்லாரும்," என்றாள். கிளிபோட்தான் முதல் ஆளாய்த் தன் வானுக்கு ஓடினான்.

மறுபடி வேகம் எடுத்தபோது ஒரு லொறி வந்தது, கடந்தது. பின்னால் ஒரு சலனமும் இல்லை. இன்னொன்று வந்தது. வேரோனிக்கா கண்ணாடியில் பச்சைக் காட்டைப் பார்த்தாள், அது நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. இந்நேரம் பக்கத்தில் முழங்கால் வெட்டி இழுக்கவேணுமே என்று திரும்பினாள். நீக்கிலாஸ் வாயைத் திறந்தபடி நித்திரை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் வண்டி ஓட அவர் கண் மூடியதே இல்லை. குறட்டை வேறு.

அடுத்த நாள் விடிய, படுக்கையில் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. வெளியே சரளைக் கல் நொறுங்குகிற சத்தம், பிறகு அந்தக் குரல்.

"தேத்தண்ணீ! தேத்தண்ணீ!"

வாத்துகள் எழும்பிப் பறந்தன. வேரோனிக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் வந்து நின்றாள். பச்சைக் காட் மணலைக் கிழித்துக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கையில் கேத்திலுக்கு இருக்கைப் பட்டி போட்டிருந்தார். கூடாரங்களில் இருந்து ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் கிளிபோட் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"கையை எடடா. சட்டம் தெரியாதே? இழுத்துக்கொண்டு வந்த ட்றைவருக்கு முதல்."

ஆவி பறக்க முதல் கோப்பையை வார்த்தார். வழக்கப்படி தானே குடிக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் காட்டை இன்னும் ஒரு முழம் உருட்டிப் படியடியில் நிறுத்தி, கோப்பையை வேரோனிக்காவிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எங்கை? நீங்களும் இப்ப ட்றைவர்தானே," என்றாள்.

"சீச்சீ," என்றார் நீக்கிலாஸ், அடுத்த கோப்பையை எடுத்தபடி. "நான் சும்மா காட் ஓடுறவன். இது தன்ரை பாட்டுக்குப் போகும்."