புள்ளிகளால் கட்டிய குளம்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கண்ணால் பார்த்தது போதுவதில்லை. செத்த வீட்டிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். என் தம்பி மகள் சண்முகசுந்தரி அதற்கும் மேலே போய்விட்டாள். அப்பன் செத்த வெள்ளத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள். போனேன்.

"இதுல எல்லாமே புள்ளிதான் பெரியப்பா. மணல் புள்ளி விழும், தண்ணிப் புள்ளி ஓடும், தீப்புள்ளி பத்தும். சேத்துவச்சு என்ன வேணும்னாலும் கட்டலாம்."

"சின்னப்பிள்ள வெளையாட்டு."

"வெளையாட்டுதான். பாருங்க."

திரையில் எங்கள் குளம் இருந்தது. மணலைக் குவித்துக் கரை. நடுவே இரும்புப் புள்ளிகளை அடுக்கி மடை ஷட்டர். கம்பியில் பொறி ஓடினால் ஷட்டர் உருகி வழிவிடுமாம். கீழே வயல், அதற்கப்பால் செங்கல் சூளை மேடு. கரைமேல் ஒற்றை வெள்ளைப் புள்ளி.

"அது என்னட்டி?"

"அப்பா."

அந்த மார்கழி வெள்ளத்தில் என் தம்பி முத்துமாலை கரைமேல் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். மடைச்சாவி என்னிடம் இருந்தது.

"தண்ணி ஏறினப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சுத் திறந்திய? சீக்கிரம் திறந்திருந்தா அப்பா இருந்திருப்பாரா? ரெண்டு வருசமா எனக்குத் தூக்கமில்ல பெரியப்பா."

ரெண்டு வருசமாக எல்லாரிடமும், உடனே திறந்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். மடைச்சாமிக்குச் சூடம் காட்டாமல் எங்கள் குளத்தில் யாரும் மடை திறந்ததில்லை. அன்றைக்குத் தீப்பெட்டி நனைந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் இன்னொன்று எடுத்து வந்தேன்.

"அரைமணி நேரம்," என்றேன். "சூடம் பத்தல, தாயி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதையோ தட்டி ஓடவிட்டாள். தண்ணீர் ஏறியது. ஷட்டர் பிந்தித்தான் உருகியது. மடைக்குப் பக்கத்திலேயே கரை உடைப்பெடுத்தது. வெள்ளைப் புள்ளி உருண்டு, வயலைக் கடந்து, சூளை மேட்டடியில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் முத்துமாலையை நாங்கள் எடுத்த இடம்.

"அங்கன நீயா வச்சியாட்டி?"

"இல்ல பெரியப்பா. தானாப் போகுது. எத்தனை தடவை ஓட்டினாலும் அங்கனதான் போகுது."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை.

"இப்பச் சூடம் இல்லாம ஓட்டுதேன்," என்றாள். ஓட்டுவதற்கு முன்னால் கரையின் அடியில் அவள் விரல் பைய நகர்ந்தது. ரெண்டு வரிசை மணல் காணாமல் போனது.

"என்னத்த அழிக்க?"

"கசடு பெரியப்பா."

இந்தத் தடவை ஷட்டர் உடனே திறந்தது. அப்படியும் கரை உடைந்தது. வெள்ளைப் புள்ளி மறுபடியும் சூளைக்கே போனது.

"பாத்தியளா? உடனே திறந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும். உங்க மேல தப்பே இல்ல." கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை.

"அந்தக் கசடைத் திரும்ப வச்சு ஓட்டு."

அவள் கம்ப்யூட்டரை மூடினாள். "காப்பி போடுதேன், இருங்க."

நான் இருக்கவில்லை. செருப்பை மாட்டினேன்.

"நம்புங்க பெரியப்பா," என்றாள் பின்னாலிருந்து.

நம்புவதற்கு அந்த ரெண்டு வரிசை மணல் இருந்திருக்க வேண்டும். தெருவில் இறங்கினேன். சூளை வழியாகப் போனால் வீடு பக்கம். நான் ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.