இரண்டாவது எள்ளுருண்டை

பெண்ணைப் படிக்க வைப்பது நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கல்கத்தா பவானிப்பூரில் வெள்ளைக்காரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வைப்பேன் என்று வைத்தீஸ்வரன் ஒற்றைக் காலில் நின்றாரே, அதில் படிப்பு பாதி, ஜம்பம் பாதி. அவருடைய ஆபீஸ் ஹெட் அசிஸ்டெண்ட் சிவராமகிருஷ்ணனின் பெண் காமு அங்கே படித்தாள். "எங்க ஜலஜாவும் அதே கிளாஸ்" என்று ட்ராமில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்படுகிற மனுஷர் அவர்.

முப்பத்திரண்டாம் வருஷம் சணல் வியாபாரம் படுத்துவிட்டது. க்ளைவ் தெருவில் அவர் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேருக்கு ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு, சம்பளம் பாதி. துரையின் உத்தரவை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிய கையோடு சிவராமகிருஷ்ணன் இவரைத் தனியாக அழைத்தார்.

"ஓய், பாதிச் சம்பளத்துல அந்த ஸ்கூல் ஃபீஸ் உமக்குக் கட்டுப்படியாகுமா? சின்ன ஸ்கூலாப் பாருமேன். தப்பொண்ணுமில்லை."

"அதுக்கென்ன ஸார், ஊர்ல நிலத்து வரும்படி வந்துண்டுதானே இருக்கு!"

நிலமாவது, வரும்படியாவது! இருந்த துண்டு நிலம் அவர் அப்பா காலத்திலேயே கைமாறிப் போயிற்று. வாய்தான் சொல்லிவிட்டது. சொன்ன வாயை என்ன செய்வது? ஜலஜாவுக்கோ அது மெட்ரிகுலேஷன் வருஷம். ஃபீஸ் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லை என்று தெரிந்தால், ஊரில் ஜாதகக்கட்டோடு காத்திருக்கும் மச்சினன் அடுத்த ரயிலிலேயே ஹௌராவில் வந்து இறங்குவான்.

இந்தச் சமயத்தில்தான் காளிகட்டில் குடியிருந்த மஹாதேவ சாஸ்திரிகள் ஒரு வழி சொன்னார். கல்கத்தாவில் நம்மவர்கள் வீட்டில் திவசம் வந்தால், செத்துப் போனவர்களின் ஸ்தானத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. பிராமணார்த்தம் என்று அதற்குப் பெயர். சாப்பாடும் உண்டு, தட்சிணையும் உண்டு. சாஸ்திரத்தில் அது உயர்ந்த ஸ்தானமாம். உலகத்தில் மட்டும், கோட்டு மாட்டி ஆபீஸ் போகிறவன் அதற்குப் போனான் என்று தெரிந்தால் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"தெரிஞ்ச மனுஷா ஆத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிண்டு போயிடாதேயும்" என்று வைத்தீஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்படியே சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ், பெஹாலா என்று தூரத்து வீடுகளாகவே கிடைத்தன. வேலையில்லாத வாரங்களிலும் கோட்டு, குடை சகிதம் ஆபீஸ் போகிறவர் மாதிரி கிளம்புவார். சாஸ்திரிகள் வீட்டில் கோட்டைக் கழற்றிவிட்டுப் பஞ்சகச்சம் கட்டிக்கொள்வார். முதல் நாள் ராத்திரியும் சாப்பிடக் கூடாது, சாப்பிட்ட அன்று ராத்திரியும் கூடாது என்பது விதி. "வயிறு மந்தமா இருக்கு" என்று மனைவி மீனாக்ஷியிடம் சொல்லிவிடுவார். அவளும் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

அந்த மாசம் ஃபீஸுக்குக் கடைசித் தேதி மறுநாள். பெஹாலாவில் ஒரு திவசம் என்று சொல்லியிருந்த சாஸ்திரிகள், காலையில் வாசலிலேயே பரபரத்துக்கொண்டு நின்றார்.

"பெஹாலாவுக்கு வேற ஆளை அனுப்பிட்டேன். லேக் பக்கம் ஒரு ஆத்துக்குச் சொல்லியிருந்தவருக்கு மலேரியா. பெரிய இடம், தட்சிணை தாராளமா இருக்கும். கிளம்பும், கிளம்பும்!"

"யார் ஆம் ஓய்?"

"பவானிப்பூர்லேருந்து புதுசா குடி வந்திருக்கா. எனக்கே நேத்திக்குத்தான் பழக்கம். உமக்கெங்கே தெரியப் போறது?"

வாசலில் கோலமில்லாத வீடு. ஈர வேஷ்டியோடு செம்பை ஏந்திக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் வைத்தீஸ்வரனுக்குக் கண் இருட்டியது. சிவராமகிருஷ்ணன்.

அவரும்தான் திகைத்துப் போனார். செம்பிலிருந்த தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. திரும்பி ஓடிவிடலாமா என்று இவருக்குத் தோன்றாமல் இல்லை. ஓடினால் அந்த வீட்டுத் திவசம் நின்று போகும். நாளைக்கு ஜலஜாவின் பெயரும் போகும். இவர் ஓடவில்லை. சாஸ்திரிகள் பாட்டுக்கு மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

சிவராமகிருஷ்ணன் குனிந்து இவருடைய காலைக் கழுவினார். அவருடைய மனைவி தண்ணீர் விட்டாள். ஆபீஸில் அவர் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது செருப்பைக்கூடச் சத்தம் வராமல் வைக்கிற கால் அது. பித்த வெடிப்பும் சேறுமாக அவர் கையில் கிடந்தது. சை, இந்தக் காலை நன்றாகத் தேய்த்தாவது கழுவிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து வைத்தீஸ்வரன் குறுகிப் போனார். 'நிலத்து வரும்படி' என்று அன்றைக்குச் சொன்னது காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

ஹோமம் முடிந்து இலை போட்டார்கள். சாப்பிடும்போது பேசக் கூடாது, வேண்டும் வேண்டாம் எல்லாம் கையால்தான். தலையைத் தூக்காமலேயே முதல் கவளத்தை எடுத்தார். ஆனால் பாவி வயிற்றுக்கு மானம் ஏது? முந்தின ராத்திரி பட்டினி. வீட்டில் பல நாளாக மோரும் சாதமும்தான். நெய்யும் பாயசமும் வடையும் வந்து விழ விழ, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்து போயிற்று. எள்ளுருண்டை வந்தது. தின்றார். வெல்லப் பாகு பதமாக இருந்தது. தட்டோடு திரும்பிய அம்மாளை நோக்கி, வைத்தீஸ்வரனைக் கேட்காமலேயே அவர் கை நீண்டது.

நீண்ட பிறகுதான் தலை நிமிர்ந்தார். சமையலறைக் கதவோரம் காமு நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய கையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மாள் அதற்குள் இரண்டாவது உருண்டையை இலையில் வைத்துவிட்டாள். வைத்ததைத் தின்னாமல் மிச்சம் விடக் கூடாது. தின்றார். இந்தத் தடவை தித்திப்பே தெரியவில்லை.

தட்சிணையை வெற்றிலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, சிவராமகிருஷ்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து நமஸ்காரம் பண்ணினார். எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எங்கப்பாவும் எள்ளுருண்டைன்னா இன்னொண்ணு கேட்டு வாங்கிப்பார். நீங்க கையை நீட்டினதும் அவரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது."

எப்போதும் 'ஓய்' என்பவர் இன்றைக்கு 'நீங்க' என்றார். 'ஓய், உமக்கேதுங்காணும் நிலம்?' என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட வைத்தீஸ்வரன் தாங்கிக்கொண்டிருப்பார். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா ஞாபகத்தில் அழுத மனுஷர் முன்னால், பசிக்குத் தின்ற வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். தெருவில் இறங்கி நடந்தார்.

அன்று ராத்திரி மீனாக்ஷி ஜலஜாவுக்கு மட்டும் தட்டு வைத்தாள். அவள் சாப்பிட்டு எழுந்து போனதும் இவர், "எனக்கு வயிறு..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம், சொல்லாதேங்கோ" என்றாள் மீனாக்ஷி தணிந்த குரலில். "எந்தெந்த ராத்திரி நீங்க சாப்பிடறதில்லைன்னு பார்த்துண்டுதானே இருக்கேன். எனக்கு மட்டும் அந்த விதி தெரியாதா? குழந்தைக்குத் தெரியாம இருந்தா சரி."

அப்பாடா, அந்த மட்டிலாவது தப்பினோம் என்று நினைத்தார். உடனே காமுவின் முகம் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் ஃபீஸை ஜலஜாவின் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். ரசீதை அவர் பக்கத்தில் வைத்தாள். ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே, ஏதோ அடுத்த வீட்டுச் சமாசாரம் மாதிரி சொன்னாள்.

"காமு ஆத்துல நேத்திக்கு அவ தாத்தாவுக்குத் திவசமாம். தாத்தா வந்து திருப்தியாச் சாப்பிட்டாராம். ரெண்டாவது எள்ளுருண்டைகூடக் கேட்டு வாங்கிண்டாராம். அவ அப்பா சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாராம்."

வைத்தீஸ்வரனின் கை மடியிலேயே கிடந்தது.

"யாருடி வந்து உட்கார்ந்தான்னு கேட்டேன். தாத்தாதான்னா. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்னுட்டா. என் கையைப் பிடிச்சுண்டே ட்ராம் வரைக்கும் வந்தா."

அப்புறம் ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"இதெல்லாம் பரீட்சை வரைக்கும்தானேப்பா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதை அவள் பார்க்கவில்லை.