ஆறு மாதம் ஓடிய வளையம்

நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிப்பவள். கொக்குவில் வீட்டின் பின்னறையில், வள்ள எஞ்சின்களின் புகைக்குழாய் மூட்டுக்குச் சூடு தாங்கும் வளையம் செய்து பார்க்கிறேன். சிலிக்கோன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, உமிச்சாம்பலில் எடுத்த சிலிக்காவைக் கலந்து மெல்ல மெல்லச் சூடேற்றினால், அது சுருங்காமல் இறுகும். பிணைப்புக் குறைந்தால் இளகும், கூடினால் விரிசல் விட்டு வெடிக்கும். சரியான அளவுக்கு இரண்டு வருடம் போனது.

மயிலிட்டியில் எஞ்சின் திருத்தும் குகதாசன் அண்ணை ஒன்றைத் தன் வள்ளத்தில் பூட்டி, ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவந்தார்.

அன்று காலை, தனக்கு மகள் பிறந்த செய்தியுடன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"அண்ணை, நேற்று மீன்பிடிக்கிற நடராசா அண்ணை வளையம் ஒண்டு கொண்டுபோய்த் தன்ரை எஞ்சினிலை பூட்டியிட்டார். இண்டைக்குக் கடலுக்கும் போயிட்டார்."

"உங்கடை வளையமோ?"

"பின்னை வேறை ஆருடையதாம்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரீச்சர், என்ரை வள்ளத்திலை கிடக்கிறது கொழும்பிலை வாங்கினது. உங்கடை ஒன்பதாம் நாளே வெடிச்சுப் போச்சு."

"புகை மட்டும்தானே வந்தது?"

"நெருப்பு. பக்கத்திலை டீசல் நிறைஞ்ச கான். ஈரச் சாக்குப் போட்டு அணைச்சன்."

"நீங்கள் அந்தப் பின்னறையிலை கிடந்து படுற பாட்டைப் பாத்து, சொல்ல மனம் வரேல்லை. அடுத்ததிலை திருத்தியிருப்பியள் எண்டு நினைச்சன்."

அவர் சரி என்று சொன்னதால் நான் எதையும் மாற்றவில்லை. நடராசா அண்ணையிடம் போனதும் அதே கலவைதான்.

உடனே நடராசா அண்ணைக்குப் போன் அடித்தேன். மூன்றாம் தரம் அடித்தபோதுதான் எடுத்தார்.

"அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. வளையம் பிழை. நெருப்புப் பிடிக்கும்."

"என்ன பகிடியோ பிள்ளை? நீர்தானே ஆறு மாசம் ஓடினதெண்டு சொன்னனீர்?"

குகதாசன் அண்ணை போனுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ஓம், நான்தான் சொன்னனான். அது பொய். நிப்பாட்டுங்கோ."

எஞ்சின் இரைச்சல் இன்னும் சில கணம் காதில் கேட்டது. பிறகு நின்றது. வள்ளத்தில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும்.

"பிள்ளை," என்றார் நடராசா அண்ணை, குரல் மாறி. "இஞ்சை மூட்டு சிவந்து கிடக்கு."

"டீசல் கானைத் தள்ளி வையுங்கோ. மூட்டைத் தொடாதேங்கோ."

குகதாசன் அண்ணை அதற்குள் வாசல் படலையைத் திறந்துவிட்டார்.

"என்ரை வள்ளத்திலை போய்க் கட்டி இழுக்கப் போறன், எங்கை நிக்கிறார் எண்டு கேளுங்கோ!"