அப்பாவின் ரீடிங்

"இறுக்கிப் பிடி," என்றாள் அம்மா.

ஜனீல் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையைச் சேர்த்துப் பிடித்தாள். அதில் இரண்டு ஆள் நுழையலாம். நான்கு மாத இருமலில் அப்பா டெல்வின் பாதி ஆளாகிவிட்டார். இறந்தவருக்கு உடுத்திவிடுவது வீட்டாரின் வேலை என்பது அவர்கள் சபை வழக்கம். சண்டை போடாமல் உடுத்த வேண்டும் என்று வழக்கம் எதுவும் இல்லை.

"அறுத்துப் பாக்கணும்மா. நுரையீரல்ல என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

"என் புருஷன் மேல எவனும் கத்தி வைக்கக் கூடாது."

"வருஷா வருஷம் சுத்தம், சுத்தம்னு சொல்லியே கொன்னுட்டானுங்க. கோர்ட்டுக்கு இழுக்காம விட மாட்டேன்."

டெல்வின் அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனத்து அணுக்கழிவுத் தளத்தில் பீப்பாய் அளந்தவர். சீல் வைத்த பீப்பாயைச் சுழலும் தட்டில் ஏற்றி, வெளியே வரும் கதிரை வைத்தே உள்ளே எவ்வளவு கதிரியக்கப் பொருள் என்று சொல்வார். திறக்கவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பணியாளர்களையும் அப்படியொரு இயந்திரத்தின் கீழ் படுக்கவைத்து, நுரையீரலில் கதிர்த்தூசு ஏறியிருக்கிறதா என்று மார்பை அளப்பார்கள்.

அம்மா சட்டையில் ஊசியைக் குத்தினாள். "மெஷின் என்னடி பண்ணும்? பீப்பாய்ல சேறு கெட்டியா இருந்தா கதிர் உள்ளேயே அடங்கிடும், கம்மியாத்தான் காட்டும். அது உங்கப்பாவுக்குத் தெரியாதா? ஒரு தடவை அவர் மார்பு ரீடிங் கூடிப்போச்சு. இன்னொரு தடவை கூடினா வாசல் காவலுக்குத் தள்ளிடுவோம்னாங்க. அன்னிலேருந்துதான் மார்புல கொழுப்பு ஏத்த வெண்ணெய் கேக்க ஆரம்பிச்சாரு."

"மார்புத் தடிமனைச் சேத்துக் கணக்குப் பண்ண மாட்டாங்களா?"

"வேலைக்குச் சேந்தப்ப அளந்ததையே போட்டுக்கிட்டு இருந்தாங்க, சோம்பேறிங்க."

"நீயும் கூட நின்னு ஊட்டியிருக்க!"

"ஆமா, ஊட்டினேன். வெண்ணெய்க் கேக்கா சுட்டுச் சுட்டுப் போட்டேன். இப்ப அறுத்தா, இவ்வளவு இருந்தும் மெஷின்ல ஏன் தெரியலைன்னு கேப்பாங்க. சபை முழுக்க அவரைப் பொய்யன்னு சொல்லும். உனக்குச் சம்மதமா?"

ஜனீலுக்கு அம்மாவை அறையலாம் போலிருந்தது. அப்பாவையும்தான்.

சவப்பெட்டிக்காரர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். "பெட்டியை மூடிடலாமா?"

அம்மா ஜனீலைப் பார்த்தாள்.

"மூடுங்க," என்றாள் ஜனீல்.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு. தளத்து டாக்டர் தட்டோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா மாதிரி சுத்தமான ரீடிங் எங்க ஆளுங்கள்ல யாருக்குமே கிடையாதும்மா. கடைசி வரைக்கும்."

இந்த ஆளுக்கென்றே நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அவள் தொண்டை வரை வந்தன.

"தேங்க்ஸ்," என்றாள்.

அம்மா கரண்டியோடு வந்தாள். சீஸ் வழியும் உருளைக்கிழங்கை அவர் தட்டில் குவித்தாள்.

"நல்லா சாப்பிடுங்க டாக்டர். ரொம்ப இளைச்சிருக்கீங்க."