காலியாக விட்ட மூன்றாம் வரி

காய்ச்சல் வார்டு டாக்டருக்கு மருத்துவமனையில் ‘இதயம்’ என்று பட்டப்பெயர். பாசத்தில் வைத்தார்கள் என்று மூன்று வாரம் உச்சி குளிர்ந்து திரிந்தார் மனிதர். பதிவறை அக்காதான் போட்டு உடைத்தார்.

“இந்த மாசம் நீங்க கையெழுத்துப் போட்ட அறுபத்திரண்டு இறப்புச் சான்றுலயும் காரணம் ‘இதயம் நின்றது’தான் சார். இதயம் நிக்காம செத்தவங்க யாராவது இருக்காங்களா?”

படிவத்தில் மூன்று வரிகள். முதல் வரியில் கடைசியாக நடந்தது. மூன்றாம் வரியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான நோய். அதைப் பார்த்துத்தான் சுகாதாரப் பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்குப் போய் மற்றவர்களைச் சோதிப்பார்கள். இதை மாணவர்களுக்கு நடத்துவதே நம் டாக்டர்தான். அப்போது மேசையைத் தட்டவும் தட்டுவார். தானே எழுதும்போது மட்டும் முதல் வரியோடு பேனாவுக்கு மூச்சு வாங்கிவிடும்.

“நோயாளிங்க கூட்டம் ஓயட்டும்க்கா, உட்கார்ந்து எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.”

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. டாக்டர் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கினார்.

நாலாம் நாள் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தார்கள். முந்தின வாரம் இதே வார்டில் இறந்த தையல்காரரின் மனைவி. அதே காய்ச்சல், அதே இளைப்பு. தையல்காரரின் பரிசோதனை முடிவு அவர் இறந்த மறுநாளே வந்திருந்தது, தொற்றுதான். அதைக் கோப்பில் பத்திரமாகச் செருகிவைத்த மகானும் நம் டாக்டரேதான்.

“வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?”

“பொண்ணு மட்டும்தான். ஏழு வயசு. அப்பா நெனப்புல ராத்திரியெல்லாம் என்னைக் கட்டிப்பிடிச்சே தூங்குது.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “காய்ச்சல்னு எழுதியிருந்தா தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இதயம்னுதானே சார் எழுதியிருந்தீங்க. அது ஒட்டாதே.”

டாக்டர் வீட்டு முகவரியைக் கேட்டுச் சிறுமியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அவமானம் காதுவரை சுட்டது. சாயங்காலமே சிறுமியும் வந்து சேர்ந்தாள், காய்ச்சலோடு. அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் போட்டார்கள்.

டாக்டர் பதிவறைக்குப் போய் அறுபத்திரண்டு சான்றுக்கும் திருத்தப் படிவம் கேட்டு வாங்கினார். அதில் ‘பிழை நேர்ந்த காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘பணிச்சுமை’ என்று எழுதினார். பார்க்கக் கௌரவமாகத்தான் இருந்தது. அடித்துவிட்டு, ‘டாக்டரின் அலட்சியம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா எட்டிப் பார்த்துப் பதறினார். “இப்படி எழுதினா உங்க வேலை போயிடும் சார்.”

“இந்த மாசத்துல இப்பத்தான் காரணத்தைச் சரியா எழுதியிருக்கேன். விடுங்கக்கா.”

அக்கா சிரிக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்களை அழைக்கத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, முதல் சான்றிலிருந்த வீட்டு முகவரியைப் படிக்கச் சொன்னார்.